பலம் குறைந்த கன்சோலுக்கு வெளி ஸ்டுடியோக்கள் வருவார்களா? வீ முதல் ஸ்விட்ச் 2 வரை

கார்முகில்:

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் வந்ததில் இருந்து எந்த இழையைத் திறந்தாலும் இதே சண்டைதான் நடக்கிறது, அதனால் தனியாகவே ஒன்று தொடங்குகிறேன். "பலம் குறைவு, சோனியின் பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5-க்கு வருகிற கேம் எதுவும் இதற்கு வராது" என்று ஒரு கூட்டம். "பழைய ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றதே, பலத்தில் என்ன இருக்கிறது" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

நிண்டெண்டோவின் பழைய கன்சோலான வீயையும் ஸ்விட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2006-இல் வந்த வீ 10 கோடிக்கு மேல் விற்றது. 2017-இல் வந்த ஸ்விட்ச் அதையும் தாண்டியது. இரண்டுமே தங்கள் காலத்துப் போட்டியாளர்களை விட வெகுவாகப் பலம் குறைந்தவை. விற்பனைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் இரண்டுக்கும் வெளி ஸ்டுடியோக்களிடம், அதாவது நிண்டெண்டோவைச் சேராதவர்களிடம், ஒரே மாதிரி ஆதரவு கிடைத்திருக்க வேண்டும், இல்லையா? கிடைக்கவில்லை. வீக்கு வெளியில் இருந்து வந்த பெரிய கேம்களில் பாதி, பெயர் மட்டும் ஒன்றாக இருந்த வேறு கேம்கள், அல்லது இரண்டு வருடம் கழித்து வந்த மிச்சம். கால் ஆஃப் டூட்டி 4 மற்ற கன்சோல்களுக்கு 2007-இல் வந்தது, வீக்கு 2009-இல். ஸ்விட்சுக்கோ முதல் வருடமே ஸ்கைரிமும் டூமும் வந்தன, 2019-இல் விட்சர் 3 இரண்டு விரிவாக்கங்களோடு 32 ஜிபி கார்டில் வந்தது.

காரணம் என்று எனக்குப் படுவது இதுதான்: எவ்வளவு பலம் குறைவு என்பதை விட, எந்த விதத்தில் குறைவு என்பதே ஸ்டுடியோக்களுக்கு முக்கியம். வீ உள்ளுக்குள் அதற்கு முந்தைய கன்சோலான கேம்கியூபின் தொடர்ச்சி. 729 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி சிப், மொத்தமே 88 எம்பி நினைவகம், படத் தெளிவு 480p-க்கு மேல் போகாது. அதை விடப் பெரிய சிக்கல், எக்ஸ்பாக்ஸ் 360-யிலும் பிஎஸ்3-யிலும் இருந்த மாதிரி நாமே நிரல் எழுதும் ஷேடர்கள் (ஒளி, நிறம், பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சின்ன நிரல்கள்) அதில் இல்லை. அந்தக் காலத்தில் பாதி உலகம் பயன்படுத்திய, கேம் செய்யும் அடிப்படை மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 3 வீக்கு வரவே இல்லை. ஆகவே கேமைச் சுருக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை, முதலில் இருந்து எழுத வேண்டும். ஸ்விட்சில் இருந்தது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. வேகம் குறைவுதான், ஆனால் நவீன கிராபிக்ஸ் சிப். அன்ரியல் 4, யூனிட்டி இரண்டும் ஆரம்பத்திலேயே ஆதரித்தன.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இன்னும் நல்லது.

ஒத்தையடிப்பாதை:

மாற்றுக் கருத்துதான். ஸ்விட்சுக்கு வந்தவற்றைப் பட்டியல் போடுகிறோம், வராதவற்றை யாரும் போடுவதில்லை.

கால் ஆஃப் டூட்டி, அந்த எட்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. எல்டன் ரிங் இல்லை. ஜிடிஏ 5 இல்லை. அது பிஎஸ்3-இலேயே ஓடிய கேம் என்பதை நினைவில் வையுங்கள். ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக், கண்ட்ரோல், கிங்டம் ஹார்ட்ஸ் 3 எல்லாம் கிளவுடு பதிப்பு என்ற பெயரில் வந்தன. அதாவது கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், நமக்கு வீடியோ வரும், முழுக் காசு கொடுத்தாலும் கையில் எதுவும் இருக்காது. ஃபிஃபா கதை அதை விட மோசம். ஃபிஃபா 20 முதல் 23 வரை 'லெகசி எடிஷன்' என்று பெயர் ஒட்டி, அணிகளையும் சட்டைகளையும் மாற்றி, பழைய கேமையே ஒவ்வொரு வருடமும் விற்றார்கள். இதையெல்லாம் ஆதரவு என்று கணக்கில் சேர்த்தால் வீக்கும் நிறைய ஆதரவு இருந்ததாகத்தான் சொல்ல வேண்டும்.

வந்தவற்றிலும் எத்தனை ஒழுங்காக ஓடின? 2023-இல் வந்த மார்ட்டல் காம்பாட் 1-ஐ முழு விலைக்கு விற்றார்கள், முகங்களைப் பார்க்கவே முடியவில்லை. அதே வருடக் கடைசியில் வந்த ஆர்க்கம் நைட், கார் ஓட்டும்போதெல்லாம் திணறியது. பலம் குறைந்தால் ஆதரவும் குறையும், நேரடியான கணக்கு. இடையில் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்துவதால் அது மாறப் போவதில்லை.

பழைய_கேட்ரிட்ஜ்:

நேரடியான கணக்கு என்றால் பிஎஸ்2-ஐ என்ன செய்வீர்கள், சகோ?

அந்தத் தலைமுறையில் எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், பிஎஸ்2 மூன்றில் மிகவும் பின்தங்கியது பிஎஸ்2. 32 எம்பி நினைவகம், 300 மெகாஹெர்ட்ஸுக்கும் கொஞ்சம் குறைவான சிப். எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி. அதற்கு மேல் பிஎஸ்2-க்கு நிரல் எழுதுவது கொடுமை என்று அந்தக் காலத்து டெவலப்பர்கள் எல்லோருமே புலம்பியிருக்கிறார்கள். ஆனாலும் உலகத்தில் இருந்த ஸ்டுடியோக்கள் முக்கால்வாசிப் பேர் அதற்குத்தான் கேம் செய்தார்கள். ஜிடிஏ 3 2001-இல் பிஎஸ்2-இல் வந்து, எக்ஸ்பாக்ஸுக்கு 2003-இல்தான் போனது. கேம்கியூப் அதை விடப் பலமான பெட்டி, விற்றது 2 கோடியே 17 லட்சம்.

அதற்கு முந்தைய தலைமுறையும் அப்படியே. நிண்டெண்டோ 64 பிளேஸ்டேஷனை விடப் பலமானது. ஆனால் கேட்ரிட்ஜ். அதிகபட்சம் 64 எம்பி, அதையும் நிண்டெண்டோவிடமே காசு கொடுத்துத் தயாரித்து வாங்க வேண்டும், விற்காமல் போனால் கிடங்கில் தூங்குவது கேமை வெளியிடும் பப்ளிஷருடைய முதலீடு. சிடியில் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இடம், அச்சடிக்கும் செலவு சொற்பம். ஜப்பானிய ஸ்டுடியோவான ஸ்கொயர் கிளம்பிப் போய் ஃபைனல் ஃபேண்டஸி 7-ஐ 1997-இல் மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்தது. கடைசிக் கணக்கு, பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல், நிண்டெண்டோ 64 3 கோடியே 29 லட்சம்.

பலம் அதிகம் என்பதற்காக ஸ்டுடியோக்கள் வந்ததாக இந்த வரலாற்றில் எங்கும் இல்லை. செலவு எங்கே குறைவு, போட்ட பணம் எங்கே திரும்பும், இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒத்தையடிப்பாதை:

பிஎஸ்2 உதாரணம் இங்கே பொருந்தாது. அது மற்ற இரண்டுக்கும் ஒன்றரை வருடம் முன்னால், 2000 மார்ச்சிலேயே ஜப்பானில் வந்துவிட்டது. எல்லோரும் அதை அடிப்படையாக வைத்தே கேமை வடிவமைத்தார்கள், மற்ற இரண்டுக்கும் அங்கிருந்து போர்ட் ஆனது, அதாவது ஓடும்படி மாற்றப்பட்டது. ஊரே உன் அளவுக்குத் தைக்கிறது என்றால் உனக்கு என்ன குறை? நாம் பேசிக்கொண்டிருப்பது, அடிப்படை வேறு எங்கோ இருக்கும்போது கீழே நிற்கும் பெட்டியைப் பற்றி. வீ, அதற்கு அடுத்து வந்த வீ யூ, ஸ்விட்ச், மைக்ரோசாஃப்டின் சிறிய பெட்டியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். இவைதான் கணக்கு.

கார்முகில்:

இது நல்ல புள்ளி, இழைக்கு இதுதான் தேவைப்பட்டது. பலம் குறைவு என்பதற்குத் தனியாகப் பொருள் இல்லை, பெரும்பாலான ஸ்டுடியோக்கள் எந்த அளவை மனதில் வைத்துக் கேம் செய்கிறார்களோ அதில் இருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் பொருள். நினைவகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீயில் 88 எம்பி, எக்ஸ்பாக்ஸ் 360-யில் 512: ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூட. வீ யூவில் 2 ஜிபி, அதிலும் கேமுக்கு 1 ஜிபிதான், எதிரில் பிஎஸ்4-இல் 8 ஜிபி. ஸ்விட்சில் 4 ஜிபி, எதிரில் அதே 8. சீரிஸ் எஸ்ஸில் 10, அதன் பெரிய பெட்டியான சீரிஸ் எக்ஸில் 16. இந்த இடைவெளி சுருங்கச் சுருங்க ஆதரவு கூடுகிறது.

தறிச்சத்தம்:

பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் போர்ட்டிங் வேலை பார்க்கிறேன். பெயர் சொல்ல முடியாது, எந்தக் கேம் என்றும் சொல்ல முடியாது. வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லலாம், இந்த விவாதத்துக்கு உதவும்.

ஒரு கேமைச் சிறிய பெட்டிக்குக் கொண்டுபோகும்போது முதலில் கை வைப்பது ரெசல்யூஷனில், அதாவது படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதில். அது மிக எளிது. 1080p-இல் ஓடுவதை 720p ஆக்கு, கையில் வைத்து ஆடும்போது 540p வரை இறங்கட்டும், கிராபிக்ஸ் சிப்பின் சுமை உடனே பாதியாகும். விட்சர் 3 அப்படித்தான் செய்தது. அடுத்து நிழல், புல், தூரத்துக் கட்டடங்கள், பொருட்களின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்ச்சர். இவையும் நடக்கும் காரியம்தான், உழைப்பு வேண்டும், அவ்வளவே. மூன்றாவது, ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படம். டூம் 2016 பிஎஸ்4-இல் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடிய கேம். ஸ்விட்சில் 30 ஆக்கினார்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அந்தப் போர்ட்டைச் செய்த பேனிக் பட்டன் ஸ்டுடியோ செய்தது அருமையான வேலை, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த வேலைக்கு அந்தக் கேமில் இடம் இருந்தது. அசல் பதிப்பே 30-இல் ஓடும் கேமை எடுத்துக்கொண்டால் குறைக்க என்ன மிச்சம் இருக்கிறது? ஆர்க்கம் நைட்டில் நடந்தது அதுதான். நகரம் முழுக்க வேகமாகக் கார் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு தெருவையும் அந்த வேகத்தில் சேமிப்பகத்தில் இருந்து நினைவகத்துக்கு ஏற்ற வேண்டும். அது பிஎஸ்4-ஐயே பிழிந்த கேம்.

குறைக்கவே முடியாதவை என்று மூன்று இருக்கின்றன. பிரதான சிப்பான சிபியு செய்யும் கணக்கு, அதாவது எத்தனை பேர் நடமாடுகிறார்கள், எதிரி எப்படி யோசிக்கிறான், பொருட்கள் எப்படி விழுகின்றன. நினைவகம். டேட்டா ஏறும் வேகம். இவற்றைத் தொட்டால் கேம் ஆடும் விதமே மாறும், வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும், அங்கேதான் காலமும் பணமும் போகின்றன. நாங்கள் ஒரு போர்ட் வேலைக்கு மதிப்பீடு போடும்போது கிராபிக்ஸ் சிப்பைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவோம். முதல் கேள்வி நினைவகம், அடுத்து சிபியு.

கார்முகில் சொன்ன ஷேடர் விஷயமும் இதே இடத்தில் வருகிறது. அண்ணன் சட்டையைப் பிடித்துத் தைத்துத் தம்பிக்குப் போடலாம், ஸ்விட்ச் போர்ட் அந்த வகை. வீ போர்ட் என்பது அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே வேறு துணியில் புதிதாக ஒன்று தைப்பது. இரண்டாவதற்குத் தனிக் குழு, தனி அட்டவணை, தனி பட்ஜெட் வேண்டும். அப்படி ஒன்று வேண்டும் என்றவுடன் பப்ளிஷர் கேட்பார்: இது எத்தனை விற்கும்?

மல்லிப்பூ:

அங்கேதான் நான் வருகிறேன். இதுவரை எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வாங்குகிற ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீக்கு வெளி ஸ்டுடியோக்கள் வரவே இல்லை என்பது சரியல்ல. முழு மனதோடு வந்தவர்கள் இருந்தார்கள். பிளாட்டினம் கேம்ஸ் செய்து சேகா வெளியிட்ட மேட்வேர்ல்டு, 2009. கறுப்பு வெள்ளையும் ரத்தச் சிவப்புமாக, பலம் குறைந்த பெட்டியிலும் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு கேம் செய்ய முடியும் என்று காட்டியது. விற்கவில்லை. அதே வருடம் பெரிய பப்ளிஷரான ஈஏ, டெட் ஸ்பேஸ் எக்ஸ்ட்ராக்‌ஷன் கொண்டு வந்தது, வீ ரிமோட்டைத் துப்பாக்கி போல நீட்டிச் சுடும் விதத்தில், அக்கறையோடு செய்தது. அதுவும் விற்கவில்லை. கேப்காமின் ஜாக் அண்ட் விக்கியை விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், வாங்க ஆள் இல்லை. ஆனால் 2007-இல் ரெசிடென்ட் ஈவில் 4-இன் வீ பதிப்பு நன்றாக விற்றது. யுபிசாஃப்டின் ஜஸ்ட் டான்ஸ் 2009-இல் வந்து காட்டாறு போல ஓடியது, வீ செத்து எத்தனையோ காலம் ஆன பிறகு, 2019-இல்கூட வீக்கு ஒரு ஜஸ்ட் டான்ஸ் வெளியிட்டார்கள்!

அதாவது வெளியார் கேம் வீயில் விற்றது. அந்தப் பத்துக் கோடிப் பேர் எதை விரும்பினார்களோ அது விற்றது. குடும்பமாக ஆடுகிறவர்கள், உடற்பயிற்சிக்கு வாங்கியவர்கள், வீ ஸ்போர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டவர்கள். அவர்களிடம் போய்த் தலையை வெட்டும் கேமைக் கொடுத்தால் வாங்குவார்களா? அந்த வகை ஆட்களுக்கு வீட்டில் ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸ் இருந்தது. எண்ணிக்கை மட்டும் பார்த்து ஸ்டுடியோக்கள் வருவதில்லை, தங்கள் கேமை வாங்குகிற ஆள் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறானா என்று பார்க்கிறார்கள். ஸ்விட்சை வாங்கியவர்கள் வேறு. வேலைக்குப் போகிற, ரயிலிலும் படுக்கையிலும் ஆட விரும்புகிற, பழைய கேமையே கையில் வைத்து ஆடக் கிடைத்தால் இரண்டாம் முறை காசு கொடுக்கிற ஆட்கள். ஸ்கைரிமை அவர்கள்தான் வாங்கினார்கள். பலம் குறைந்த பெட்டி அவர்களுக்கு வேறு எதுவும் தராத ஒன்றைத் தந்தது, கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஒத்தையடிப்பாதை:

மல்லிப்பூ சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பு. வீ ஆட்கள் அந்த வகைக் கேமை வாங்க மாட்டார்கள் என்பது எப்படி முடிவானது? நல்ல பதிப்புகளைப் பிஎஸ்3-க்கும் 360-க்கும் கொடுத்துவிட்டு, வீக்குத் துணைக் கதைகளும் தாமதமான போர்ட்டுகளும் கொடுத்தார்கள். டெட் ஸ்பேஸே கொடுக்கவில்லையே, அதன் முன்கதையை, தண்டவாளத்தில் போவது போலக் கேமே நகர்த்த நாம் சுட மட்டும் செய்யும் துப்பாக்கிக் கேமாகக் கொடுத்தார்கள். அதை யாரும் வாங்கவில்லை என்றதும் "பார், இந்தக் கூட்டம் வாங்காது" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆட்களும் பார்த்துவிட்டு இனி பெரிய கேம் வேண்டும் என்றால் வேறு பெட்டிதான் என்று போனார்கள். இந்தச் சுழல் தொடங்கிய இடம் எது? அசல் கேமைக் கொடுக்க முடியாத பெட்டி. திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறோம்.

பழைய_கேட்ரிட்ஜ்:

இந்தச் சுழலுக்கு வீ யூவை விடச் சரியான சாட்சி இல்லை. 2011 ஜூனில், ஈ3 கேம் கண்காட்சி மேடையில், ஈஏவின் தலைவர் ஜான் ரிச்சிடெல்லோ வந்து நின்று நிண்டெண்டோவோடு இதுவரை இல்லாத கூட்டு என்று அறிவித்தார். 2012 நவம்பரில் பெட்டி வந்தது. ஈஏ கொண்டு வந்தவற்றில் ஒன்று மாஸ் எஃபெக்ட் 3, முழு விலைக்கு, தொடர்கதையின் மூன்றாம் பாகம் மட்டும். அதே மாதம் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மூன்று பாகங்களும் சேர்ந்த தொகுப்பை அதே விலைக்கு வெளியிட்டார்கள். எந்த மடையன் வீ யூவில் வாங்குவான்? ஃபிஃபா 13, மேடன் 13, 2013-இல் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட். அத்தோடு ஈஏ காணாமல் போனது. அவர்களுடைய ஃபிராஸ்ட்பைட் எஞ்சின் அந்தப் பெட்டிக்கு வரவே இல்லை, அடுத்த தலைமுறைக் கேம்கள் பெரும்பாலும் அந்த எஞ்சினில்தான்.

யுபிசாஃப்ட் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. ரேமேன் லெஜெண்ட்ஸ் வீ யூவுக்கு மட்டும் என்று சொல்லி, 2013 பிப்ரவரியில் வர வேண்டியது, கேம் முடிந்த பிறகு தள்ளிப்போட்டு எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்துக் கடைசியில் வெளியிட்டார்கள். வாட்ச் டாக்ஸ் மற்றவர்களுக்கு 2014 மே, வீ யூவுக்கு நவம்பர். கடைசியில் பெட்டி விற்றது 1 கோடியே 35 லட்சம். இங்கே பலம், விற்பனை, வாங்கும் ஆள், எஞ்சின் எல்லாமே ஒன்றாகச் சேர்ந்து கவிழ்ந்தன, ஒன்றை மட்டும் பிரித்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று எனக்குத் தெளிவு: ஒரு வருடம் கழித்துப் பிஎஸ்4 வந்தபோது ஸ்டுடியோக்கள் அடிப்படை அளவையே மாற்றிவிட்டார்கள், வீ யூ முந்தைய தலைமுறையோடு நின்றுவிட்டது.

சிறுவாணி:

இந்த விவாதத்தில் சின்ன ஸ்டுடியோக்களை ஏன் யாரும் பேசுவதில்லை? வெளி ஆதரவு என்றால் ஈஏவும் ஆக்டிவிஷனும் மட்டும்தானா?

இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து செய்யும் கேமுக்கு எந்தப் பெட்டியும் பலம் குறைந்தது இல்லை. அவர்களுக்குக் கடையின் விதிகள்தான் பிரச்சினை. வீயிலும் டவுன்லோடு கடை இருந்தது, வீவேர் என்று. ஒரு கேம் 40 எம்பிக்கு மேல் இருக்கக் கூடாது. குறிப்பிட்ட எண்ணிக்கை விற்ற பிறகுதான் செய்தவருக்குக் காசே வரும். சூப்பர் மீட் பாய் வீவேருக்கு வருவதாக இருந்தது, அந்த அளவுக்குள் அடக்க முடியாமல் கைவிட்டார்கள். அந்தப் பெட்டியின் சிப்பால் அந்தக் கேமை ஓட்ட முடியாமல் இல்லை, கடை விதிதான் துரத்தியது!

ஸ்விட்சில் பாருங்கள். ஸ்டார்டியூ வேலி 2017-இல், ஹாலோ நைட் 2018 ஜூனில், ஹேடிஸின் முழுப் பதிப்பு 2020-இல் கணினியோடு ஒரே நாளில். கையில் வைத்து ஆடுவதற்கென்றே பிறந்த கேம்கள். பல சின்ன ஸ்டுடியோக்களைக் காப்பாற்றியதே அந்தக் கடைதான் என்று உறுதியாக நம்புகிறேன். என்னுடைய விருப்பக் கேம்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை, எதையும் ஆடும்போது ரெசல்யூஷன் எவ்வளவு என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

மல்லிப்பூ:

சிறுவாணிக்கு முழு ஆதரவு. அப்புறம் ஜப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிண்டெண்டோவின் கைக் கன்சோலான டிஎஸ்ஸின் பிரதான சிப் 67 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 4 எம்பி. எதிரில் சோனியின் பிஎஸ்பியில் 333 மெகாஹெர்ட்ஸ், 32 எம்பி. ஸ்கொயர் எனிக்ஸ் டிராகன் குவெஸ்ட் 9-ஐ எங்கே கொண்டு வந்தது? ஜப்பானில் அந்தத் தொடர் வெளியாகும் நாள் ஒரு திருவிழா, அதன் ஒன்பதாம் பாகத்தை 4 எம்பி பெட்டிக்குக் கொடுத்தார்கள், 2009-இல் வந்து ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. கேப்காம், பிஎஸ்3-க்குத் திட்டமிட்டிருந்த மான்ஸ்டர் ஹன்டர் 3-ஐ வீக்கு மாற்றியது, பிஎஸ்3-க்குச் செய்யும் செலவு தாங்காது என்று வெளிப்படையாகவே சொல்லி. அதே தொடர் பிறகு டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ்ஸுக்குப் போனது, 2021-இல் மான்ஸ்டர் ஹன்டர் ரைஸ் ஸ்விட்சுக்கு மட்டும் என்று வந்து, பிறகுதான் கணினிக்கு.

பலம் குறைந்த பெட்டிக்குக் கேம் செய்யச் செலவு குறைவு. இது ஒரு குறை இல்லை, ஸ்டுடியோவைக் கவரும் காரணமே இதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்கென்றே செய்தால்தான் இந்த லாபம், வேறிடத்தில் செய்ததைச் சுருக்கினால் செலவு கூடத்தான் செய்யும்.

தறிச்சத்தம்:

கடைசி வரியை எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம், உண்மையாகச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே சிறிய பெட்டியையும் கணக்கில் வைத்துத் தொடங்கிய கேமை மேலே கொண்டுபோவது சுலபம். மேலே இருந்து கீழே கொண்டு வருவதில்தான் ஆட்களின் தூக்கம் போகிறது.

கார்முகில்:

அப்படியானால் சீரிஸ் எஸ்ஸைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், தறிச்சத்தம்? அங்கே எஞ்சின் ஒன்று, சிபியு கிட்டத்தட்ட ஒன்று, ஷேடர் சிக்கல் கிடையாது. ஆனாலும் புகார் நிற்கவில்லை.

தறிச்சத்தம்:

அது வேறு வகை. சீரிஸ் எஸ் தன் பலத்தாலோ விற்பனையாலோ கேம்களைக் கவரவில்லை. எக்ஸ்பாக்ஸில் வெளியிட வேண்டும் என்றால் இரண்டு பெட்டியிலும் ஓட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி, அதனால் எல்லாக் கேமும் வந்தது. விதியால் வந்த ஆதரவுக்கு ஒரு விலை உண்டு, சிறிய பெட்டியில் ஏதாவது ஒரு வசதி ஓடவில்லை என்றால் பெரிய பெட்டிக்கும் சேர்த்து கேம் நின்றுவிடும். பால்டர்ஸ் கேட் 3-இல் அதுதான் நடந்தது. 2023 செப்டம்பரில் பிஎஸ்5-க்கு வந்தது, திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி சீரிஸ் எஸ்ஸில் ஓடவில்லை, எக்ஸ்பாக்ஸ் பதிப்பு காத்திருந்தது. கடைசியில் சீரிஸ் எஸ்ஸுக்கு மட்டும் அந்த வசதி இல்லாமல் வெளியிட மைக்ரோசாஃப்ட் அனுமதித்து, டிசம்பரில் வந்தது. பிளாக் மித் வூகாங் 2024 ஆகஸ்டில் பிஎஸ்5-க்கு, எக்ஸ்பாக்ஸுக்கு ஒரு வருடம் கழித்து, அந்த 10 ஜிபியைத்தான் அதன் தலைமைப் பொறுப்பாளர் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். கவனியுங்கள், கிராபிக்ஸ் சிப் மூன்றில் ஒரு பங்கு பலம்தான், அதைப் பற்றிப் புகார் குறைவு. நினைவகம் 16-இல் 10, புகார் முழுக்க அதில்.

ஒத்தையடிப்பாதை:

ஸ்விட்ச் 2-க்கு வருவோம். 12 ஜிபி நினைவகம், சிறிய ரெசல்யூஷன் படத்தைத் தெளிவாகப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதி, சைபர்பங்க் 2077 முதல் நாளே 64 ஜிபி கார்டில் முழுசாக. இது நம்பிக்கை தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பார்டர்லேண்ட்ஸ் 4 2025 அக்டோபரில் வர வேண்டியது, வெளியாகச் சில நாட்களே இருக்கும்போது காலவரையின்றித் தள்ளிவைத்தார்கள். எல்டன் ரிங் 2026-க்குப் போனது. முதல் வருடமே இப்படி என்றால் நான்காம் வருடம் என்ன ஆகும்? ஸ்விட்சும் முதல் மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தது, பிஎஸ்5 வந்து அடிப்படை அளவு உயர்ந்த பிறகுதான் கிளவுடு பதிப்புகள் குவிந்தன.

அப்புறம் அந்தக் கேம் கீ கார்டு. கார்டுக்குள் கேமே இருக்காது, செருகினால் முழுக் கேமையும் டவுன்லோடு செய்ய வேண்டும். வெளி ஸ்டுடியோக்கள் கடையில் விற்கும் கேம்களில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இது பெரிய அநியாயம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பழைய_கேட்ரிட்ஜ்:

கீ கார்டு விஷயத்தில் நானும் உங்கள் பக்கம். நிண்டெண்டோ 64-இல் இருந்த அதே நோய். பெரிய கார்டு விலை அதிகம், அந்த விலையைப் பப்ளிஷர் தலையில் கட்டினால் அவர் ஆடுகிறவன் தலையில் கட்டுவார். பலத்தில் இவ்வளவு முன்னேறிவிட்டு இதில் இன்னும் அங்கேயே நிற்பது வருத்தம்தான். இதற்கு நிண்டெண்டோ சிறிய, மலிவான கார்டு அளவுகளைக் கொடுத்தாலே பாதிப் புகார் போய்விடும்.

மற்றபடி நான்காம் வருடம் பற்றிய உங்கள் பயத்துக்கு ஒரு பதில் உண்டு. ரெசிடென்ட் ஈவில் ரெக்வியமை ஸ்விட்ச் 2-க்கும் மற்றவற்றுக்கும் ஒரே நாளில், 2026 பிப்ரவரியில் என்று கேப்காம் அறிவித்தது. அதே தொடரின் ஏழாம் பாகமும் வில்லேஜும் பழைய ஸ்விட்சில் கிளவுடாக மட்டுமே இருந்தவை.

தறிச்சத்தம்:

அதோடு ஒன்று சேர்க்கிறேன். இன்று ஸ்டுடியோக்கள் கீழ் எல்லையாக வைப்பவை சீரிஸ் எஸ்ஸும் ஸ்டீம் டெக்கும். 2022-இல் ஸ்டீம் டெக் வந்ததில் இருந்து, கையில் வைத்து ஆடும் ஒரு இயந்திரத்தில் ஓடுகிறதா என்று கணினி கேம் செய்கிறவர்கள்கூடப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்விட்ச் 2 அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சீரிஸ் எஸ்ஸுக்காக ஏற்கெனவே செய்து முடித்த குறைப்பு வேலையில் பெரும்பகுதி இங்கேயும் பயன்படும். வீக்கும் வீ யூவுக்கும் இப்படி ஒரு துணை இருந்ததில்லை, அவை தனியாகக் கீழே நின்றன. சிபியு மட்டும் உறுத்தல்தான், அன்ரியல் 5-இல் செய்த கேம்கள் சிபியுவை நிறையவே கேட்கின்றன, பார்டர்லேண்ட்ஸ் 4 அன்ரியல் 5 கேம் என்பதையும் பாருங்கள்.

சிறுவாணி:

கேள்வி ஒன்று, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பழைய ஸ்விட்சில் கிளவுடாக வாங்கிய கண்ட்ரோல் போன்ற கேம்களை, ஸ்விட்ச் 2-க்கு அசல் பதிப்பு வந்தால், வாங்கியவர்களுக்குக் குறைந்த விலைக்கு மாற்றித் தர ஸ்டுடியோக்களுக்கு ஏதாவது தடை இருக்கிறதா?

தறிச்சத்தம்:

தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, சகோ. கடையில் ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவருக்கு இன்னொன்றில் தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் எப்போதும் உள்ளதுதான். கொடுப்பதும் கொடுக்காததும் பப்ளிஷர் முடிவு, அவர்களிடம் நேரடியாகக் கேட்டு எழுதுங்கள், நிறையப் பேர் கேட்டால் செய்வார்கள்.